அம்மாவைத் தவிர மற்ற எல்லாருக்கும்

தம்பி,

நீ பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருக்கிறாய். நான் சமையலறை மேசையில் உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். நடுவில் இருப்பது ஒரு சுவரும், நீ ஒருநாளும் சரியாகச் சாத்தாத ஒரு கதவும்தான். எழுந்து வந்து உன் தோளைத் தட்டி இதையெல்லாம் வாயாலேயே சொல்லிவிடலாம். ஆனால் நான் வாயைத் திறந்தால் பாதியிலேயே அது திட்டாக மாறிவிடும், இல்லாவிட்டால் அழுகையாக. இரண்டும் உனக்குப் பழகிப்போனவை. இரண்டையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு நீ நினைத்ததைத்தான் செய்வாய். எழுத்தென்றால் நின்று படிப்பாய் என்று ஒரு நம்பிக்கை. வேறு யாராவது எடுத்துப் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. பிள்ளையைப் படிக்க அனுப்பப் போகிற எந்த அம்மாவும் இதைப் படிக்கலாம்.

வெளியே மழை. மதியத்திலிருந்து ஊருக்குப் பின்னால் நிற்கும் கொடிமலையைக் காணவில்லை. ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கமிருந்து வரும் சத்தமெல்லாம் நனைந்து மெதுவாகி வருகிறது. எதிர் அடுக்குமாடி புளோக்கில் ஒருத்தி சன்னல் வழியாகக் கையை நீட்டித் துணி எடுக்கிறாள், அந்தக் கை மட்டும் தெரிகிறது. இந்த மாதிரி ஞாயிற்றுக்கிழமை மழையில் நான் விழித்திருக்கிறேனா, இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறேனா என்பதே எனக்குச் சரியாகத் தெரிவதில்லை. பல வருடம் பகலில் தூங்கியவளுக்கு அப்படித்தான். வெளிச்சமும் கனவும் ஒன்றோடொன்று கலந்துவிடும், பிறகு பிரித்தெடுக்க முடியாது. எனக்கு அதைப் பிரிக்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நாளை மாலை ஐந்து மணிக்குள் நீ கணினியில் அந்தப் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் கோலாலம்பூர் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் உளவியல் இளங்கலைப் படிப்பில் உனக்கு ஓர் இடம். அழுத்தாவிட்டால் அந்த இடம் வரிசையில் நிற்கும் வேறொரு பிள்ளைக்குப் போய்விடும். வியாழக்கிழமை சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாய்: "வேணாம்மா. நான் போகல. இங்கயே ஏதாவது வேலை பாத்துக்கிறேன்." ஏன் என்று கேட்டேன். "நான் எதுக்காகப் படிக்கணும்னு நெனச்சேனோ, அதுக்கு அந்தப் படிப்பு ஒதவாதாம்." அவ்வளவுதான் சொன்னாய். மீதியை நான் உன் வாயிலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது. அந்த மீதிக்குத்தான் இப்போது பதில் எழுதுகிறேன். ஆனால் நான் பதில் சொல்கிற விதம் உனக்குத் தெரியுமே, ஊரைச் சுற்றித்தான் வருவேன்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது எனக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் வேலை. கம்பெனி பஸ் காலையில் என்னைக் கீழே இறக்கிவிடும்போது ஊரே பசியாறிக்கொண்டிருக்கும், நான் தூங்கப் போவேன். அப்பா அதற்குள் ஃபெர்ரி ஏறிக் கடலுக்கு அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்கு வேலைக்குப் போயிருப்பார். பள்ளி விடுமுறை என்றால் என் தூக்கத்துக்கு நீதான் காவல். தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் பார்ப்பாய். கேஸ்காரர் சிலிண்டரோடு படியேறி வருவது தெரிந்தால் ஓடிப்போய் வாயில் விரலை வைத்துக் காட்டுவாய், அந்த ஆளும் பாவம் நுனிக்காலில் நடந்து வருவார். மீதி நேரமெல்லாம் அறை வாசலில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாய். நான் எழுந்ததும் அறிக்கை வாசிப்பாய். "அம்மா, இன்னிக்கு நீங்க தூக்கத்துல சிரிச்சீங்க. அப்புறம் யாரையோ திட்டினீங்க. அப்புறம் 'மெஷின் நிக்குது, மெஷின் நிக்குது'ன்னு சொன்னீங்க. ஏம்மா கண்ணு மூடியிருக்கும்போது உள்ளுக்குள்ள ஓடுது?" எனக்கு வாய் கொப்பளிக்கக்கூட நேரம் கொடுக்காமல் கேட்பாய். நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை. போய் விளையாடு என்று சொல்லியிருப்பேன்.

உன் கேள்விக்கு நம் வீட்டில் பதில் சொல்லத் தயாராக இருந்த ஒரே ஆள் உன் மாமா. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் அண்ணன், பக்கத்து புளோக்கிலிருந்து தினமும் நம் வீட்டுக் கோப்பியைக் குடிக்க வரும் மனிதர். இந்த ஊரில் கனவு என்றால் என்ன என்று உனக்குத் தெரியாததா? பாம்பு வந்தால் ஒரு நம்பர், தண்ணீர் வந்தால் ஒரு நம்பர், பல் விழுந்தால் ஒரு நம்பர். சீனர் கடையில் தொங்கும் அந்தக் கனவுப் புத்தகத்தில் ஆனை, பூனை, சவப்பெட்டி என்று எல்லாவற்றுக்கும் படம் போட்டுப் பக்கத்தில் நாலு இலக்கம் கொடுத்திருப்பார்கள். தமிழன், சீனன், மலாய்க்காரன் என்ற பேதமே இல்லாமல் கனவு கண்டவன் மறுநாள் அந்த இலக்கத்தில் லாட்டரி கட்டக் கடைக்குப் போவான். மாமா உன்னைப் பிடித்து மடியில் உட்கார வைத்து, "அம்மா என்னா லா சொன்னாங்க தூக்கத்துல?" என்று விசாரிப்பார். நீ, "மாமா, அந்தக் கனவு ஏன் வந்துச்சு?" என்று கேட்பாய். அவருக்குக் கோபம் வந்துவிடும். "ஏன் வந்துச்சுன்னு தெரிஞ்சி நீ என்னா பண்ணப் போற? வந்துச்சு இல்ல? என்னா நம்பருன்னு பாப்போம் லா!" நானும் அப்பாவும் சிரிப்போம். நீ மட்டும் சிரிக்க மாட்டாய். உனக்கு நம்பர் வேண்டாம், ஏன் என்றுதான் தெரிய வேண்டும். உன் படிப்பு அங்கேதான் ஆரம்பித்தது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் அனுமதிக் கடிதம் அனுப்பவில்லை.

பிறகு நீ ஐந்தாம் படிவத்தில் இருந்த வருடம். அதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். அப்பா காலையில் வேலைக்குப் போனார், வேலை இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், திரும்பி வரவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கொஞ்ச நாளில் உனக்கு ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் பரீட்சை. எல்லாப் பாடத்திலும் எப்படியோ கரையேறினாய், கணக்கு மட்டும் கவிழ்ந்தது. அன்றைக்குக் கேள்வித்தாளில் எண்களெல்லாம் அசைந்தன என்று சொன்னாய். நான் அதை நம்பினேன். அந்த மாதங்களில் எனக்கும் எல்லாம் அசைந்துகொண்டுதான் இருந்தது.

எனக்குத் தூக்கம் கெட்டுப்போனது அப்போதுதான். தூக்கம் வராமல் போகவில்லை, அதிகமாக வந்தது. கம்பெனியில் பகல் வேலைக்கு மாற்றிக் கொடுத்தார்கள், அப்படியும் வீட்டுக்கு வந்தால் தூங்கினேன். சாப்பிட உட்கார்ந்த இடத்தில் தூங்கினேன். விடுமுறை நாட்களில் மாலையில் பஸ் ஏறிப் படகுத்துறைக்குப் போய்விடுவேன். ஃபெர்ரியில் ஏறுவேன், பட்டர்வொர்த்தில் இறங்குவேன், வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பும் ஆட்களோடு கலந்து அதே கடலைத் தாண்டித் திரும்பி வருவேன். அப்பா வழக்கமாகத் திரும்புகிற நேரம் அது. அந்த நேரத்துக் கடலைப் பார்த்திருக்கிறாயா? வெள்ளி நிறமும் இல்லாமல் சாம்பல் நிறமும் இல்லாமல் ஒரு நிறத்தில் இருக்கும். ஜார்ஜ் டவுன் பக்கத்துக் கட்டடங்கள் தண்ணீருக்கு மேலே நிற்காமல் மிதப்பது போலத் தெரியும். கரை நெருங்க நெருங்க எனக்கு மனசு கனக்கும். நடுக்கடலில் மட்டும் ஒரு நிம்மதி. அங்கே அவர் இன்னும் வந்துகொண்டிருக்கிறார், நானும் வந்துகொண்டிருக்கிறேன், ஒருத்தருக்கும் போய்ச் சேர வேண்டிய அவசரம் இல்லை.

ஒருநாள் நீ என்னைப் பின்தொடர்ந்தாய். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். மூன்று நான்கு வரிசை பின்னால், தொப்பியை இறக்கிவிட்டு, போனைப் பார்ப்பது போல உட்கார்ந்திருந்தாய். உன் அப்பாவின் தோளை வைத்துக்கொண்டு யாரை ஏமாற்றுகிறாய்? ஒருமுறை ஓரக்கண்ணால் பார்த்தது போதும், பிறகு நான் திரும்பவில்லை. பட்டர்வொர்த்தில் இறங்கினேன், நீயும் இறங்கினாய். நான் மறுபடி ஏறினேன், நீயும் ஏறினாய். போகும்போதும் வரும்போதும் இரண்டு பேரும் பேசவில்லை, ஆனாலும் எனக்கு அன்றைக்குத் துணை இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் எதுவும் தெரியாதவனைப் போலக் கேட்டாய்: "எங்கம்மா போனீங்க?" நான் சொன்னேன்: "சும்மா லா, காத்து வாங்க." நீ போய்ச் சோறு போட்டுக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தாய்.

அதற்கப்புறம் அந்தக் கனவு. ஒரு பொதுவிடுமுறை நாள், மதியத் தூக்கத்தில் அப்பா வந்தார். எழுந்து வந்து கூடத்தில் சொன்னேன், மாமா இருந்தார். மாமாவுக்குக் கண் பெரிதானது. இறந்தவர் கனவில் வருவது லேசான நம்பரா? "மச்சான் என்னா சட்ட போட்டிருந்தாரு? கையில எதாச்சும் வச்சிருந்தாரா? நல்லா யோசிச்சுச் சொல்லு தங்கச்சி!" என்று கேட்டார். அவரைத் தப்புச் சொல்ல மாட்டேன். அவரும் மச்சானை நினைத்துத் தனியாக அழுகிற ஆள்தான், கனவைப் பார்த்தால் என்ன கேட்பது என்று அவருக்கு வேறு தெரியாது. நீ அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பெரியவர் முன்னால் குரலை உயர்த்தினாய். "மாமா, போதும்! எங்கப்பா நம்பர் இல்ல!" பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாய்: "அப்பா என்னம்மா சொன்னாரு?" நான், "ஒண்ணும் சொல்லல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இப்போது சொல்கிறேன். ஃபெர்ரி நிறைய ஆட்கள். அப்பா முன்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நிற்கிறார். முதுகு மட்டும்தான் தெரிகிறது. கூப்பிடலாம் என்றால், நான் என்றைக்கு அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன்? "ஏங்க" என்றுதான் கூப்பிட்டேன். ஃபெர்ரியில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருத்தியின் புருஷன், யாரோ ஒருத்தியின் புருஷன், எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். அவர் மட்டும் திரும்பவில்லை. பெயரைச் சொல்லியிருந்தால் திரும்பியிருப்பார், தம்பி. எனக்கு வாய் வரவில்லை. சிரிப்பு வருகிறதா உனக்கு? எனக்கும் எழுதும்போது கொஞ்சம் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று அடுப்படியில் நின்று தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் நன்றாக அழுதேன்.

அந்த வாரமே நீ உளவியல் படிக்கப் போகிறேன் என்று அறிவித்தாய். ஆறாம் படிவத்தில் சேர்ந்த புதிது. எனக்கு அது என்ன படிப்பு என்றே தெரியவில்லை. மாமாவுக்கு மட்டும் தெளிவாகத் தெரிந்துவிட்டது. கோப்பிக் கடையில் போய், "நம்ம பையன் யுனிவர்சிட்டியில கனவு படிக்கப் போறான்" என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு நீ பட்ட பாடு! மார்க்கெட்டுக்குப் போனால் கோழிக்கடை அக்கா உன்னைப் பிடித்து நிறுத்தித் தான் கண்ட வெள்ளத்தைச் சொல்வார். லிஃப்டுக்குள் சீனத் தாத்தா ஒருவர் கையை ஆட்டி ஆட்டி ஆமையைப் பற்றிச் சொன்னார். நீ எல்லாரிடமும் பொறுமையாக, "எனக்கு நம்பர் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு, அதோடு விடாமல், "அந்த வெள்ளத்தப் பாத்து ஒங்களுக்குப் பயமா இருந்துச்சா?" என்று கேட்டாய். கோழிக்கடை அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டார். வெட்டிய கோழியை மறந்து, தன் மருமகளைப் பற்றி, பேசாமல் போன மகனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் உன்னைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பெருமையாக இருந்தது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். "சீக்கிரம் வாடா, பஸ்ஸு போயிடும்" என்றுதான் சொன்னேன்.

படிப்பில் சேர என்னென்ன வேண்டும் என்று நீ இணையத்தில் தேடிப் படித்துக் காட்டினாய். ஆறாம் படிவ முடிவில் எழுதும் எஸ்டிபிஎம்மில் நல்ல புள்ளி வேண்டும். ஆங்கிலத்துக்குத் தனியாக ஒரு பரீட்சை. அறிவியலில் தேர்ச்சி. அடுத்த வரியைப் படிக்காமல் தாண்டப் பார்த்தாய், நீ கையை வைத்து மறைத்த இடத்தைக் காட்டச் சொன்னேன். எஸ்பிஎம் கணக்கில் கிரெடிட், வெறும் தேர்ச்சி போதாது. மனசைப் படிக்கிற படிப்புக்குக் கணக்கு எதற்கு என்று எனக்கே ஆத்திரமாக இருந்தது. நீதான் விளக்கினாய். முதல் வருடத்திலிருந்தே புள்ளியியல் உண்டாம், ஆய்வு முறை உண்டாம், கடைசி வருடம் நீயே ஓர் ஆய்வு செய்து எழுத வேண்டுமாம். ஒரு மனிதர் சொல்வதைக் கேட்டு உருகிவிட்டால் போதாது, அது நூறு பேருக்குப் பொருந்துமா என்று பார்க்கத் தெரிய வேண்டுமாம். அதைக் கேட்டதும் எனக்கு அந்தப் படிப்பின் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

கணக்கை மறுபடி எழுத உட்கார்ந்தாய். அதிலும் மாமாதான் வந்து மாட்டினார். நிகழ்தகவு என்ற பாடம் உன் மண்டையில் ஏறாமல் நீ தலையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, மாமா தன் பழைய வெற்றிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார், ஆமைக் கனவுக்கு நம்பர் அடித்த கதை. நீ பேனாவை வைத்துவிட்டுக் கேட்டாய்: "மாமா, அடிச்ச கனவு சொல்றீங்க. அடிக்காத கனவு எத்தன?" மாமா உன்னை விசித்திரமாகப் பார்த்தார். "அடிக்காதத யாரு லா ஞாபகம் வச்சிருப்பா?" நீ நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாய். "அம்மா! இதுதான்மா! இதத்தான் இந்தப் புஸ்தகம் இத்தன நாளா சொல்லிட்டிருக்கு!" அன்று முதல் எண்கள் உனக்கு அசைவதை நிறுத்திவிட்டன. கிரெடிட் வந்தபோது மாமா அதைத் தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார். இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது பல்கலைக்கழகம் உன்னைக் கூப்பிட்டு நடத்திய நேர்முகத் தேர்வுக்கு வருகிறேன். நேர்முகம் முடிந்து வந்த நாளிலிருந்தே நீ சரியில்லை. ரயில் பயண அலுப்பு என்று நினைத்துவிட்டேன். அனுமதிக் கடிதம் வந்த அன்று மாமா புளோக்கு முழுக்கப் பலகாரம் கொடுத்தார், நீ அறையிலேயே இருந்தாய். வியாழக்கிழமை நான் பிடுங்கிக் கேட்ட பிறகுதான் சொன்னாய். அங்கே இருந்த விரிவுரையாளர் அம்மா ஏன் உளவியல் என்று கேட்டாராம். எல்லாப் பிள்ளைகளும் சமுதாயச் சேவை, ஆராய்ச்சி என்று மனப்பாடம் செய்த பதில் சொல்லியிருக்க, நீ மட்டும், "எங்கம்மாவச் சரிபண்ண" என்று சொன்னாயாம். அந்த அம்மா மெதுவாகச் சொன்னாராம். இந்த முதல் பட்டம் மட்டும் யாருக்கும் சிகிச்சை தருகிற தகுதியைக் கொடுத்துவிடாது, அதற்கு மேல்படிப்பு வேண்டும், மூத்தவர்களின் கண்காணிப்பில் பயிற்சி வேண்டும். அத்தனையும் முடித்த பிறகும், இந்தத் தொழிலின் ஒழுக்க விதிப்படி, சொந்த அம்மாவுக்கு நீ பார்க்கக் கூடாது. வேறு யாருக்கு வேண்டுமானாலும் பார்க்கலாம், அம்மாவைத் தவிர. "அப்புறம் எதுக்கும்மா நான் அஞ்சாறு வருஷம் ஒங்கள விட்டுட்டுப் போகணும்?" என்று கேட்டாய். நான் தட்டைத் துடைத்து அடுக்கினேன்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சரிபண்ண என்று சொன்னாயாமே, நான் என்ன நின்றுபோன மின்விசிறியா? முன்பின் தெரியாதவர்களுக்கு முன்னால் போய் அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். படுத்துக்கொண்டு உன்னைத் திட்டினேன். திட்டி முடித்த பிறகு எனக்கு ஒன்று புரிந்தது. இத்தனை நாளும் நீ இன்னும் அந்த அறை வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாய். இருபது வயதுப் பிள்ளை, சிநேகிதர்களோடு சுற்ற வேண்டிய வயது, அம்மா தூங்குகிறாளா, சிரிக்கிறாளா, எந்தப் பக்கம் பஸ் ஏறுகிறாள் என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாய். அதை நினைத்ததும் கோபமெல்லாம் போய்விட்டது. எனக்கு உன்மேல் அவ்வளவு பாசம் பொங்கியது, அதோடு அவ்வளவு வெட்கமாகவும் இருந்தது.

அந்த விதியைப் பற்றி நான் யோசித்துப் பார்த்தேன். நீ அதை ஒரு கதவைச் சாத்தியது போல எடுத்துக்கொண்டாய். எனக்கு அது சரியான விதியாகத்தான் தெரிகிறது, ஏன் தெரியுமா? நான் உன்னிடம் பொய் சொல்லுவேன். காத்து வாங்கப் போனேன் என்று சொன்னவள்தானே நான்? அப்பா ஒன்றும் சொல்லவில்லை என்று சொன்னவள்தானே? பசிக்கல, வலிக்கல, நல்லாத்தான் இருக்கேன், நீ படி. அம்மாக்கள் பிள்ளைகளிடம் பேசுவதில் பாதி இதுதான். நீ பெரிய பட்டம் வாங்கி, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தாலும், நீ சாப்பிட்டாயா என்றுதான் என் கண் பார்க்கும். உன் முகம் வாடினால் நான் கதையை மாற்றிவிடுவேன். இப்போது இந்தக் கடிதத்தில் சொன்னதைக்கூட உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்லியிருக்க முடியுமா? அந்த விரிவுரையாளரும் ஓர் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும்.

போகிறவனுக்குச் சொல்ல வேண்டியதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடும். ஒரு வருடம் படித்ததும் கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் வியாதிப் பெயர் வைக்காதே, மாமாவுக்கு வைக்கவே வைக்காதே. புள்ளியியல் வகுப்பைத் தட்டிக்கழிக்காதே. மூளையைப் பற்றிய பாடத்தில் நரம்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும் என்று படிப்பின் கையேட்டில் போட்டிருக்கிறது, அழுதுகொண்டாவது செய். கடைசி வருடத்தில் எங்காவது நிறுவனத்துக்கோ மருத்துவமனைக்கோ பயிற்சிக்கு அனுப்புவார்கள். அங்கே யாராவது கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் உடனே ஆறுதல் சொல்ல ஆரம்பிக்காதே. கோழிக்கடையில் செய்தாயே, அது போல ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இரு. அது உனக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே வந்தது. ஆறிய சோற்றைச் சாப்பிடாதே. தலைக்கு எண்ணெய் வை.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், இதற்காகத்தான் கடிதமே. வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன் இல்லையா? அதுவும் பொய். லீவு சொல்லிவிட்டு அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குப் போனேன். டாக்டரிடம் தூக்கத்தைப் பற்றிச் சொன்னேன், ஃபெர்ரியைப் பற்றியும் சொன்னேன். அவர் என்னை வேறோர் அறைக்கு அனுப்பினார். அங்கே மனநல ஆலோசகராக ஒரு மலாய்ப் பெண், உன்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்திருப்பாள். மக்சிக் என்று அத்தையைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டு, உட்காருங்கள் என்று மலாயில் சொன்னாள். வீட்டில் யார் யார் என்று கேட்டாள். மெதுவாக, ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன், தம்பி. என் உடைந்த மலாயில், நடுநடுவே தமிழும் வந்து விழ, உன்னிடம் இத்தனை நாளாகச் சொல்லாததையெல்லாம் முன்பின் தெரியாத ஒரு பிள்ளையிடம் சொன்னேன். அவள் முகம் வாடுமோ என்ற பயம் எனக்கு இல்லை. ஒரு பொய்கூட வரவில்லை. புதன்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறாள். போவேன். அதற்கடுத்த வாரமும் போவேன். இது உன்னை ரயில் ஏற்றுவதற்காகச் சொல்கிற சமாதானம் என்று நினைத்தால், நீயே வந்து வெளியே உட்கார்ந்து பார்.

எழுந்து வரும்போது என் வாய் சும்மா இருக்குமா? "ஒன் அம்மா எங்க இருக்காங்கம்மா?" என்று அவளிடம் கேட்டேன். அலோர் ஸ்டாரில் தனியாக இருக்கிறார் என்றாள். அவளுடைய அப்பா இறந்து இரண்டு வருடமாகிறதாம். எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அவள் கொஞ்சம் சிரித்தாள். "எப்போ போன் பண்ணினாலும் ஒண்ணுமில்ல, நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவாங்க, மக்சிக்" என்று சொல்லிவிட்டு எனக்காகக் கதவைத் திறந்துவிட்டாள்.

நான் பஸ் நிறுத்தத்தில் நெடுநேரம் நின்றேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன். நாளை மாலை வரை காத்திருக்காதே, எழுந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு போய் அந்தப் பொத்தானை அழுத்து. எனக்கு அந்தப் பெண் இருக்கிறாள். அவளுடைய அம்மாவைப் போல ஒருத்தி, நீ படித்து முடித்துப் போய் உட்காரப் போகிற ஏதோ ஓர் ஊரில், பிள்ளையிடம் நல்லா இருக்கேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். அவள் உன்னிடம் பொய் சொல்ல மாட்டாள்.

அம்மா